ஐந்து மில்லிமீட்டர்

காலை ஏழரைக்கு மூளை காய்ச்சுகிறேன்.
தண்ணீர், அரை மூட்டைச் சர்க்கரை, அள்ளிப் போட்ட உப்பு,
கெட்டிப்பட ஒரு மாவு,
ஊசிப்போகாதிருக்க ஒரு மருந்து.
பதம் பார்க்க நாக்கு உதவாது.
கம்பி ஒன்றை முக்கினால் அது சொல்லும்
அலைக்கு இது சதைதானா என்று.

ஓலு நகரம், ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே, கண்ணாடியிழையில் வார்த்த தலை
பாதியாய்ப் பிளந்து மல்லாந்து கிடக்கிறது.
காது உண்டு, கன்னம் உண்டு, பெயர் இல்லை.
குடம் குடமாய் ஊற்றுகிறேன்.
மண்டையில் ஏதாவது இருக்கிறதா என்று
இதனிடம் யாரும் கேட்க முடியாது:
இருக்கிறது, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு.

கீழிருந்து போனைக் கன்னத்தோடு சேர்க்கிறோம்.
மேலிருந்து ரோபோவின் கை ஊசியை இறக்கி
அங்குலம் அங்குலமாய்த் தடவுகிறது
எங்கே அதிகம் சுடுகிறது என்று.
'சுடுகிறது என்று சொல்லாதே,' ரெய்யோ திருத்துவான்,
'உறிஞ்சப்படுகிறது.
கிலோவுக்கு இத்தனை வாட்.'

இடுப்புக்கும் மார்புக்கும் தலையளவு மரியாதை இல்லை.
தட்டையான தொட்டி ஒன்று போதும்.
தொட்டிக்கும் போனுக்கும் நடுவே
ஐந்து மில்லிமீட்டர் நுரைத்துண்டு.
அதைத்தான் பிறகு
கையேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் அச்சிடுகிறார்கள்.

எட்டாம் எண் பேருந்தில் வீடு திரும்புகையில் பார்க்கிறேன்.
பின்பாக்கெட்டில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும் பையன்.
உள்ளாடைக்குள் செருகி ஓட்டப்பயிற்சிக்குப் போகிறவள்.
உறங்கும் கைக்குழந்தையின் வயிற்றில் போனைச் சாய்த்து
பனிச்சறுக்குப் போட்டி பார்க்கும் அப்பா.
கம்பளி, தோல், மேலும் கம்பளி, எல்லாம் அணிந்திருக்கிறார்கள்.
நுரைத்துண்டை மட்டும் ஒருவரும் அணியவில்லை.

போன வாரம் கெமியிலிருந்து ஒருவர் அழைத்தார்.
தென்ஹோ யூலிதாலோ, ஓய்வுபெற்ற மரவெட்டி.
தொப்பிக்குள் அலுமினியத் தாள் வைத்துத் தைத்திருக்கிறாராம்,
வெட்கப்படாமல் சொன்னார்.
'ஆபத்தா, இல்லையா?'
வரம்பைச் சொன்னேன்,
வரம்புக்குள் எத்தனை மடங்கு இடம் விட்டிருக்கிறது என்பதையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
'எண்ணைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்டேன்.'
பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

என் மகள் வில்யாவுக்கு ஒன்பது வயது.
இடது புயத்தில் நாணயமளவு வில்லை ஒன்று
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
அவள் சர்க்கரையை என் போனுக்குச் சொல்கிறது.
இடைவெளி பூஜ்யம்; அது ஒட்டியே இருக்க வேண்டும்.
அதே வகை வில்லையைத் தொட்டியில் நானே அளந்தேன்.
இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க
ஊசி திணறியது. அத்தனை சிறிது.
கையெழுத்துப் போட்டேன், கை நடுங்கவில்லை.

நடுங்கியது நேற்று, அதிகாலை மூன்று பத்துக்கு.
போன் அலறியது: சமிக்ஞை இல்லை.
கீழே இறங்கிய எண்ணென்றால் பழச்சாறு உண்டு.
மேலே ஏறிய எண்ணென்றால் மருந்து உண்டு.
எண்ணே இல்லையென்றால்?

ஓடினேன். தூங்குகிறாள்.
இடது புயத்தின் மேலேயே புரண்டு படுத்திருக்கிறாள்.
நான் காய்ச்சும் அதே உப்புநீர்தான்,
இருபத்தெட்டுக் கிலோ,
அலையைக் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் மூச்சுவிடுகிறது.
'உறிஞ்சப்படுகிறது' என்றான் ரெய்யோ என் தலைக்குள்.

மெல்லப் புரட்டினேன். முனகினாள்.
நின்றபடியே காத்திருந்தேன்,
ஜன்னலில் பனி ஒட்டும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.
திரை வெளிச்சமானது.
ஐந்து புள்ளி எட்டு. அம்புக்குறி படுக்கையாய்.

கெமிக்காரருக்கு இன்னும் அழைக்கவில்லை.
என்ன சொல்வது?
போனைத் தலையணைக்கு மேலே, காதோடு ஒட்டி வைத்து
அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.
அந்த ஐந்து மில்லிமீட்டர்
போர்வைக்குள் எங்கோ விழுந்துவிட்டது.
தேடவில்லை.